கழுதைப் பல்

அக்கா வீட்டுக் கதவில் தொங்கிய பித்தளைக் கைக்கு யாரோ துணி சுற்றியிருந்தார்கள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்டதுபோலக் கெட்டியாகச் சுற்றி, மேலே மீன்பிடி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நுஸ்ஹா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். கதவைத் தட்டத்தான் அந்தக் கை இருக்கிறது. தட்டினால் சத்தம் வரக்கூடாது என்று யாராவது நினைப்பார்களா?

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

எந்த வீட்டிலும் இதற்கு உள்ளேயிருந்து "யாரு?" என்று ஒரு குரல் வரும். வெளியே நிற்பவர் பேரைச் சொல்ல மாட்டார். "வேண்டியவங்கதான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத் தாழ் விலகிவிடும். அவள் ஊரான மெக்னாஸில் அப்படித்தான், அக்கா வாழும் இந்தக் கடலோர எஸ்ஸவீராவிலும் அப்படித்தான். நுஸ்ஹா பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். உள்ளே யாரோ வந்து கதவுக்குப் பின்னால் நிற்பது கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் "யாரு" வரவில்லை. அந்தக் காலடி திரும்பி மாடியேறியது. மேலே நீல ஜன்னல் ஒரு சாண் திறந்து, வெள்ளை முக்காடு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அதற்குப் பிறகுதான் தாழ் விலகியது.

ருக்கையா தலை முதல் கால் வரை வெள்ளையில் இருந்தாள், காலுறைகூட வெள்ளை. குளிர்காலத்தில் மீன்பிடிக்கக் கடல்முனைக்கு அப்பால் போன படகோடு அவள் புருஷன் ஹம்மாதி போனவன். கூடப் போன இருவரின் உடல் கரை ஒதுங்கியது, அவனுடையது ஒதுங்கவில்லை. உடல் இல்லாமலேயே தொழுகை நடத்தினார்கள், ருக்கையா வெள்ளை உடுத்தினாள். நாலு மாசமும் பத்து நாளும் வாசல் தாண்டக்கூடாது. வரும் வெள்ளிக்கிழமை அது முடிகிறது. அன்றைக்கே அக்காவை மெக்னாஸுக்கு அழைத்துப் போய்விடுவதென்று நுஸ்ஹா வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வசந்தகால விடுமுறை என்பதால் மகள் ஹிபாவும் கூட வந்திருந்தாள்.

அக்கா கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் குனிந்து இருவரின் செருப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து தங்கையை இழுத்து அணைத்தாள்.

"என்னக்கா, செருப்பப் பாத்துத்தான் ஆள உள்ள விடுவியா? மெக்னாஸ் சேறு அவ்வளவு மட்டமா போச்சா?"

"வாயாடி. மொதல்ல உள்ள வா."

வீட்டுக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்த வாடை. பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து வரும் மரத்தூள் மணத்தையும் மீறி அது மூக்கில் ஏறியது. வாசலின் உட்படி ஈரமாக இருந்தது. யாரும் கழுவிவிட்டதாகத் தெரியவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே ருக்கையா சொன்னாள்: "இந்த வீட்டுல யார் தட்டினாலும் யாருன்னு கேக்காத. சாதாரணமாச் சொல்றேன்னு நினைக்காத."

"கேக்காம எப்படிக்கா தெரியும்?"

"தெரிஞ்சவங்க கீழ நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. பேர் சொல்லாம தட்டறது நமக்கு வேண்டாம்."

தனிமை அக்காவின் தலையைக் கொஞ்சம் கலக்கிவிட்டது என்று நுஸ்ஹா நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஏனென்றால் ஹிபா எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பல வருஷம் மருந்தும் நேர்ச்சையுமாக அலைந்து பெற்ற ஒரே பிள்ளை. சந்தைக் கூட்டத்தில் அவள் கை ஒரு கணம் நழுவினாலே நுஸ்ஹா பேரைச் சொல்லிக் கத்திவிடுவாள். ஊர் ஆயிரம் சொல்லட்டும், அவளுக்கு உலகத்தில் பயம் என்று இருப்பது அந்த ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ஹிபாவின் பல் விழுந்தது. பேருந்தில் வரும்போதே ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசை முன்பல். மொட்டைமாடியில் ரொட்டியைக் கடித்தவள் ஒரு கத்துக் கத்தி, பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே முகம். விழுந்த பல்லைச் சூரியனுக்கு எறிய வேண்டும், அது தெரியாத பிள்ளை கிடையாது. மெக்னாஸில் கூரைகளுக்கு மேலே எறிவார்கள். இங்கே சூரியன் கோட்டைச் சுவருக்கு அப்பால், கடலின் மேல் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. நுஸ்ஹா மகளைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஷூரியனே, ஷூரியனே, கழுதைப் பல்ல வாங்கிக்கோ, மான் பல்லக் குடு!"

புதிதாக விழுந்த ஓட்டை வழியே காற்று போய் 'சூ' எல்லாம் 'ஷூ' ஆகிவிட்டது. நுஸ்ஹா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பல் சுவரைத் தாண்டிப் பறந்து அலைக்குள் விழுந்தது.

துணி எடுக்க மேலே வந்த ருக்கையா படியிலேயே நின்றுவிட்டாள். "எங்க போட்டீங்க?"

"சூரியனுக்குத்தான்."

"இங்க காலையில போடணும்டி. ஊர்ப்பக்கம் திரும்பி நின்னு போடணும். இப்பக் கடலுக்குல்ல குடுத்திருக்கா."

"பல்லுதானேக்கா. மீன் முழுங்கிட்டுப் போகட்டும்."

ருக்கையா கொடியில் இருந்த துணிகளை எடுக்காமலே, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. துணி சுற்றிய பித்தளைக் கை கதவில் மோதும் மழுங்கிய சத்தம். ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவசரமே இல்லை. நுஸ்ஹா வாயைத் திறப்பதற்குள் ருக்கையா பாய்ந்து வந்து ஒரு கையால் ஹிபாவின் வாயையும் மறுகையால் தங்கையின் வாயையும் பொத்தினாள். மூவரும் அப்படியே இருந்தார்கள், சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைவதைக் கேட்டுக்கொண்டு. பிறகு சத்தம் நின்றது.

ஹிபா தூங்கிய பிறகு அக்கா சொன்னாள்.

"அவர் போன மூணாம் வாரம். தட்டிச்சு. யாருன்னு கேட்டேன். வேண்டியவங்கதான்னு பதில் வந்துச்சு. அவர் குரல்டி. சளி பிடிச்சா எப்படிப் பேசுவாரோ அப்படி. ஓடிப்போய்த் திறக்கப் பாத்தேன், தாழ் ஈரத்துல இறுகிப் போச்சு. மாடிக்கு ஓடி ஜன்னல்ல பாத்தேன். கதவத் தட்டிட்டே இருக்கு. வாசல்ல ஆளே இல்ல. படி மட்டும் ஈரம்."

"மனசு செய்யற வேலக்கா."

"இருக்கலாம். எதிர் வீட்டுக்காரி ஒருநாள் இங்க இருந்தப்ப அவ யாருன்னு கேட்டா. அவளுக்குச் செத்துப்போன அவ அம்மா குரல் கேட்டுச்சு. கேக்கறவங்க யார நெனச்சுட்டுக் கேக்கறாங்களோ, அந்தக் குரல்லதான் பதில் வருது. கேக்காட்டி அதுக்குக் குரலே கிடையாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை வெயிலில் இதெல்லாம் வெறும் பேச்சாகிவிட்டது. மணல்மேட்டில் வெள்ளைப் பூ பூத்துத் தேன் மணம் வீசியது. துறைமுகத்தில் மத்தி மீன் கூடைகூடையாக இறங்கிக்கொண்டிருந்தது, கடற்பறவைகள் மேலே நின்று திட்டிக்கொண்டிருந்தன. ஹிபா அலையோடு ஓடிப் பிடித்து விளையாடி, சட்டை முழுவதும் மணலோடு திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் நுஸ்ஹா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "உன் பயத்துக்காகக் குழந்தையப் பொட்டியில வச்சுப் பூட்ட முடியாதுக்கா. நாலு பேர மாதிரி தெருவுல போகட்டும், வரட்டும். ஊர் உன்னப் பாத்துச் சிரிக்குது." கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மாவைப் பிசைந்தாள்.

ரொட்டிப் பலகையைத் தெருவின் பொது அடுப்புக்கு அம்மாவும் மகளும் கொண்டுபோனார்கள். ருக்கையா வீட்டு ரொட்டிக்கு அடையாளம் நடுவில் முள்கரண்டியால் குத்திய மூன்று வரிசை. அடுப்புக்காரர் ஜிலாலி கண்டதும் தெரிந்துகொண்டார்.

"ஹம்மாதி வீட்டு விருந்தாளிங்களா? சாயங்காலம் வாங்கிக்கங்க. நான் கொண்டாந்து தர்றதுக்கில்ல, அந்தக் கதவ நான் தட்ட மாட்டேன்." பிறகு பேச்சை மாற்றுவதற்காகவே ஹிபாவிடம் குனிந்தார். "ஏம்மா, பல்லு எங்க? எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"ஷூரியனுக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப சூடா ரொட்டி வாங்கினா ஓரத்த எதால கடிப்ப?"

"இதாலயே கடிப்பேன்!" என்று ஓட்டைப் பல்லைக் காட்டி இளித்தாள். வீட்டிலும் அவளுக்கு இதே வழக்கம்தான். அடுப்பிலிருந்து வரும் ரொட்டி எதுவும் அவள் கடிக்காமல் வாசலுக்கு வந்து சேராது.

சாப்பிட்டதும் ஹிபா மாடி அறையில் சுவரோரத் திண்டில் படுத்தாள். நுஸ்ஹா சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னிய சடையை எடுத்து முதுகுக்குப் பின்னால் போட்டு, போர்த்திவிட்டு, முற்றத்தை ஒட்டிய சமையலறைக்கு இறங்கி வந்தாள். மீன் ஒரு கூடை இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் செதில் சீவ உட்கார்ந்தாள். வெளியே காற்று, பட்டறையில் மரம் கடையும் கடைசல் எந்திரம் சுற்றும் ஓசை, மேலே பறவைகளின் கூச்சல், குழாய்த் தண்ணீர் என்று வீடு முழுக்கச் சத்தமாக இருந்தது, அதனால் மற்றது எதுவும் காதில் விழவில்லை.

பாதி மீன் முடிந்தபோது ஏதோ குறைவதாகத் தோன்றியது. குழாயை மூடினாள். பறவைகள் கத்தவில்லை. கடைசல் ஓசை இல்லை. காலையிலிருந்து ஓயாத காற்று நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்துக்கு மேலே தெரியும் சதுர வானம் போய்விட்டது. அந்த இடத்தில் கடல்மூட்டம் வெள்ளையாகத் தேங்கி, சுவரோரமாக மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பொழுது சாயவில்லை, ஆனால் சமையலறைக்குள் கத்தி சரியாகத் தெரியவில்லை. குழந்தைக்குக் குளிருமே, இன்னொரு போர்வை போட வேண்டும் என்று நினைத்தபடி கையைக் கழுவினாள்.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

வாயிலிருந்து போன பிறகுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து கதவுச் சத்தத்துக்குச் சொல்லிப் பழகிய வார்த்தை. யோசித்தா சொல்கிறோம்? நுஸ்ஹா ஈரக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலெல்லாம் மீன் வாடை.

வெளியே ஒரு மூச்சளவு நேரம் ஒன்றுமில்லை.

"வேண்டியவங்கதான்."

ஹிபாவின் குரல்.

எப்படி மாடியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. அறை இருட்டாக இருந்தது. திண்டின் மேல் போர்வைக் குவியல். அதற்கு வெளியே சிவப்பு ரிப்பன் வைத்த சடை. கையை வைத்துப் பார்த்தாள், மூச்சு ஏறி இறங்கியது. நுஸ்ஹா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறாள். பிள்ளை இங்கே இருக்கிறாள். அவளை நினைத்துக்கொண்டு கேட்டேன், அதனால் அவள் குரல். அக்கா சொன்னதுதான், வேறொன்றுமில்லை.

மொட்டைமாடிப் படியில் ருக்கையா தடதடவென்று இறங்கி வந்தாள்.

"நுஸ்ஹா, ஹிபா வந்துட்டாளா?"

"எங்கருந்து?"

"ரொட்டி வாங்க அனுப்பினேன்டி. அப்ப நல்ல வெயில். நான் வாசல் தாண்ட முடியாது, உனக்குக் கையெல்லாம் மீன். நீதான் பூட்டி வைக்காதன்னு… கதவத் திறந்துவிட்டுட்டு, தெருவுல போறாளான்னு பாக்க மேல ஓடினேன், அதுக்குள்ள தெரு திரும்பிட்டா போல. திரும்பி வந்துதான் தாழ் போட்டேன்." அவள் கண் தங்கையைத் தாண்டித் திண்டுக்குப் போனது.

போர்வை அசைந்தது.

குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். போர்வையை மூக்கு வரை இழுத்துப் பிடித்திருந்தாள். "நான் போகல பெரியம்மா. வாசல்ல இறங்கினேன், பயமா இருந்துச்சு. நீங்க மேல போனப்ப திரும்பி வந்து படுத்துட்டேன்."

கீழே மறுபடியும் தட்டல்.

"அம்மா, நான்தாம்மா. ரொட்டி ஷுடுது. கை ஷுடுதும்மா."

ருக்கையா சுவரில் சாய்ந்தாள். குழந்தை ஓடி வந்து நுஸ்ஹாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டாள். கனம் சரியாக இருந்தது. சட்டையில் காலை மணல் உறுத்தியது. "திறக்காதம்மா," என்று தோளுக்குள் சொன்னாள். "அது நானில்ல."

"எதுடி நம்மளுது?" ருக்கையாவின் குரல் வெளியே வரவே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. "நுஸ்ஹா, எது நம்மளுது?"

நுஸ்ஹா பிள்ளையோடு படியில் பாதி வரை இறங்கினாள். அங்கேயே படியில் உட்கார்ந்தாள். நேற்று தட்டியது மேலே இருக்கும் பித்தளைக் கை. இது கதவின் கீழ்ப்பகுதியில், சின்ன உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டேன், அது பதில் சொல்கிறது. கேட்டவளின் மனசிலிருந்துதானே குரல் எடுக்கும்? என் மனசில் இவளைத் தவிர யார்? இவள் என் கையில் இருக்கிறாள். கையில் இருப்பதை விட்டுவிட்டுக் குரலுக்குக் கதவு திறந்தால் நான் என்ன தாய்? பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சின்ன விரல்கள் அவள் முதுகில் சில்லென்று பதிந்தன.

"அம்மா, தெருவே காணோம்மா."

நுஸ்ஹா கண்ணை மூடினாள்.

"அம்மா, பின்னால யாரோ நிக்கறாங்க."

ருக்கையா மேலே முனக ஆரம்பித்தாள்.

"பெரியப்பா மாதிரி இருக்காங்க. தண்ணி ஷொட்டுது. அம்மா, திறயேன். அம்மா."

தட்டல் வேகமானது. இரண்டு கையாலும். நகம் மரத்தில் இழுபட்டது. நுஸ்ஹா ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். வரிகள் குழம்பின. மறுபடி முதலிலிருந்து.

"அம்…"

அவ்வளவுதான்.

ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குக் கீழிருந்த இடுக்கில் தண்ணீர் கொஞ்சம் உள்ளே கசிந்து, உட்படியில் பரவி, நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. மூட்டம் மெல்ல விலகியது. முற்றத்தில் வெளிச்சம் வந்தது. பட்டறையில் யாரோ கடைசலை ஓட்டினார்கள். எங்கோ ஒரு பறவை கத்தியது, அதற்கு இன்னொன்று பதில் கத்தியது. அப்போதுதான் அந்த மணம் வந்தது. கதவிடுக்கு வழியே, உப்பு வாடையை விலக்கிக்கொண்டு.

சூடான ரொட்டி.

நுஸ்ஹா தோளிலிருந்த கைகளைப் பிரித்தாள். குழந்தையைப் படியில் உட்காரவைத்தாள். இறங்கினாள். தாழைத் தள்ளினாள். "வேண்டாம்டி," என்று மேலேயிருந்து அக்கா சொன்னது கேட்டது.

வெளியே யாரும் இல்லை. சாயங்காலத்துக் கடைசி வெளிச்சத்தில் தெரு காலியாக, கழுவிவிட்டதுபோல ஈரமாகக் கிடந்தது. வெளிப்படியில் ரொட்டிப் பலகை. மூடிய துணி ஒருபுறம் சரிந்திருந்தது. மேலே இருந்த ரொட்டியின் நடுவில் மூன்று வரிசைக் குத்து, இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் கடிபட்டிருந்தது. சின்ன வாய். கடித்த வளைவின் நடுவே, ஒரு பல் அகலத்துக்கு, ரொட்டி பிய்யாமல் துருத்திக்கொண்டிருந்தது.

பலகைக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. அதற்குள் தண்ணீர்.

நுஸ்ஹா அதைத் தொடவில்லை. கத்தவும் இல்லை. கத்தினால் எல்லாம் நிஜமாகிவிடும் என்பதுபோல ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் படியில் ஈரக்கால்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. அது அவளுக்கு வெகு அருகில் வந்து நின்றது. குளிர்ந்த சின்னக் கை ஒன்று அவள் விரல்களுக்குள் நுழைந்தது.

"கதவச் சாத்தும்மா," என்றது. "சூரியன் போயிடுச்சு."

ஒரு எழுத்தும் வழுக்கவில்லை.

நுஸ்ஹா மெதுவாகத் திரும்பிக் குனிந்து பார்த்தாள். அவள் மகளின் முகம் அண்ணாந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. வாயைப் பெரிதாகத் திறந்து, காட்டுவதற்காகவே சிரித்தது.

மேல்வரிசையில் ஒரு பல்கூடக் குறையவில்லை.